இலக்குப் பிஸ்டலின் டிரிக்கரில் கடைசி நூறு கிராம்

"டிரிக்கர் கனமாக இருக்கிறது, கொஞ்சம் இலகுவாக்க வேண்டும்." இலக்குச் சுடுதலில் ஓராண்டு பழகியவர்கள் பெரும்பாலும் இந்தக் கோரிக்கையோடுதான் பிஸ்டலைக் கழற்ற உட்காருகிறார்கள். ஆனால் போட்டிப் பிஸ்டலை எவ்வளவு இலகுவாக்கலாம் என்பதை விதி முன்பே முடிவு செய்துவிட்டது. சர்வதேச சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டல், ஸ்டாண்டர்டு, ரேப்பிட் ஃபயர் ஆகிய போட்டிப் பிரிவுகளில் 1000 கிராம். 50 மீட்டர் பிஸ்டலுக்கு மட்டும் கீழ் வரம்பே கிடையாது. அதனால்தான் பழைய ஃப்ரீ பிஸ்டல்களில் (50 மீட்டர் பிஸ்டலின் இன்னொரு பெயர்), முன்பே விறைப்பேற்றி வைத்து, சில பத்து கிராமிலேயே விடுபடும் செட் டிரிக்கர்களைப் பார்க்கிறோம். ரேப்பிட் ஃபயர் பிரிவிலும் ஒரு காலத்தில் வரம்பு இல்லை. 2005-க்குப் பிறகுதான் 1000 கிராம் கட்டாயமானது.

ஆக, வரம்புக்கு மேல் இருக்கும் சில பத்து கிராமைக் குறைத்துவிட்டால் இலகுவாக்கும் வேலை முடிந்தது. அதற்கு ஒரு திருகும் ஐந்து நிமிடமும் போதும். மீதி வேலை முழுக்க வேறு ஒன்றைப் பற்றியது: அந்த 500 அல்லது 1000 கிராம் விரலின் பயணத்தில் எங்கெங்கே எப்படிப் பரவியிருக்கிறது, கடைசி நூறு கிராம் எப்படி விடுபடுகிறது. ஒரே எடையில் பூட்டிய இரண்டு பிஸ்டல்களில் ஒன்று வெண்ணெயாகவும் இன்னொன்று மணலாகவும் தோன்றுவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

விரல் உண்மையில் எதைக் கெடுக்கிறது

ஒரு கணக்கோடு தொடங்குவோம். ஏர் பிஸ்டலில் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி 330 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரிக்கர் விடுபடும் கணத்தில் முன்சைட் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் தாளில் பெல்லட் சுமார் 15 மி.மீ. விலகும். ஏர் பிஸ்டல் இலக்கில் ஒரு வளையத்தின் அகலம் 8 மி.மீ. அதாவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அரை மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு புள்ளிகளைத் தின்றுவிடுகிறது. 25 மீட்டர் பிஸ்டலில் சைட் இடைவெளி 220 மி.மீ.க்கு மேல் போக விதி விடாது. அங்கே அதே அரை மில்லிமீட்டர் தாளில் 57 மி.மீ. ஆகிறது, துல்லியப் பிரிவின் தாளில் வளைய அகலம் 25 மி.மீ. என்பதால் இங்கும் இரண்டு வளையம் போய்விடும்.

அதே நேரத்தில் எல்லாருக்கும் முழுக்கையும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். கை மொத்தமாக அரை மில்லிமீட்டர் அசைந்தால் தாளில் அதே அரை மில்லிமீட்டர்தான் விலகும். அதனால் பெரிய சேதமில்லை. முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையிலான கோணம் கெடுவதுதான் சேதம். அந்தக் கோணத்தைக் கெடுக்கும் வாய்ப்பு விரலுக்கே அதிகம்.

ஏர் பிஸ்டலின் எடை பொதுவாக ஒரு கிலோவைச் சுற்றி இருக்கும். 500 கிராம் டிரிக்கர் என்றால் பிஸ்டலின் எடையில் பாதியை ஒற்றை விரல் பின்னோக்கி இழுக்கிறது. இந்த இழுப்பு மெதுவாக ஏறும்போது மணிக்கட்டும் உள்ளங்கையும் அதற்கு ஈடுகொடுத்துவிடும். உடலால் ஈடுகொடுக்க முடியாதது திடீர் மாற்றம். சியர் (ஹாமரைப் பின்னால் பிடித்து நிறுத்தும் சிறு பூட்டு) விடுபட்டதும் விரலுக்கு எதிரே இருந்த தடை ஒரே கணத்தில் இல்லாமல் போகிறது. விரல் பின்னோக்கிப் பாய்கிறது, டிரிக்கரின் பின்பக்க நிறுத்தத்தில் மோதுகிறது, அந்த அதிர்ச்சி பிஸ்டலுக்குப் போகிறது. பெல்லட்டோ தோட்டாவோ அந்த வேளையில் இன்னும் பேரலைத் தாண்டியிருக்காது. மொத்தம் 500 கிராமாக இருந்தாலும் கடைசியில் விடுபடும் பகுதி 100 கிராமாக இருந்தால் இந்தப் பாய்ச்சல் சிறியது. ஒற்றைக் கட்ட டிரிக்கரில் 500 கிராமும் ஒரே இடத்தில் விடுபட்டால் பெரியது. இரண்டு கட்ட டிரிக்கரை இலக்குப் பிஸ்டலில் வைப்பதற்கான காரணமே இதுதான்.

உள்ளே நடப்பது

முதல் கட்டத்தில் விரல் ஒரு ஸ்பிரிங்கை மட்டும் எதிர்க்கிறது. எந்தப் பூட்டும் இன்னும் நகரவில்லை. பிறகு ஒரு சுவர் தட்டுப்படும். அந்த இடத்தில் டிரிக்கர் சியரைத் தொடுகிறது. அல்லது அதற்கென்று வைத்திருக்கும் இரண்டாவது ஸ்பிரிங் வேலைக்கு வருகிறது. இனி விரல் கொடுக்கும் கூடுதல் அழுத்தம், ஹாமரின் (விடுபட்டதும் முன்னோக்கிப் பாய்ந்து தட்டும் சுத்தியலின்) கொக்கியில் மாட்டியிருக்கும் சியரை வழுக்கி வெளியே எடுக்கிறது. வழுக்கும் தூரம் கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தால் சுத்தமான விடுபடல். விரல் உணரும் அளவுக்கு நீண்டால் அதைத்தான் க்ரீப் என்கிறார்கள். வழுக்கும் பரப்பு சொரசொரப்பாக இருந்தால் க்ரீப் நடுவே தடுக்கித் தடுக்கி வரும். க்ரீப் நீளமாக இருந்தும் வழவழவென்று இருந்தால் பலர் அதோடு நன்றாகவே சுடுகிறார்கள். தடுக்கும் க்ரீப்போடு யாராலும் நன்றாகச் சுட முடியாது.

அந்த வழுக்கலுக்கு வேண்டிய விசை மூன்று விஷயங்களைப் பொறுத்தது: ஹாமர் ஸ்பிரிங் சியர் மேல் எவ்வளவு அழுத்துகிறது, பரப்புகள் எவ்வளவு உராய்கின்றன, கொக்கி என்ன கோணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. கோணத்தில் மூன்று வகை உண்டு. சியரை இழுக்கும்போது ஹாமர் இம்மியளவு பின்னால் போனால் அது பாதுகாப்பான பக்கம் சாய்ந்த கோணம்; விரலை எடுத்தால் சியர் தானே உள்ளே திரும்பிவிடும். ஹாமர் அசையாமலே இருந்தால் நடுநிலை. ஹாமர் முன்னோக்கி வழுக்கத் தொடங்கினால் ஸ்பிரிங்கே சியரை வெளியே தள்ளுகிறது என்று பொருள். அந்தப் பிஸ்டலைச் சுடும் தளத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. டிரிக்கரை இலகுவாக்குகிறேன் என்று கல்லில் தேய்ப்பவர்கள் தெரியாமல் வந்து சேரும் இடம் இந்த மூன்றாவது வகைதான்.

ஏர் பிஸ்டல் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. அதன் ஹாமர் ஒரு வால்வைத் தட்டித் திறந்தால் போதும். அதனால் ஸ்பிரிங் மெலிந்தது, சியர் மேல் சுமை குறைவு. 25 மீட்டரில் சுடும் .22 (அங்குலத்தில் தோட்டாவின் அளவு) பிஸ்டலில் ஹாமருக்கு இரட்டை வேலை. தோட்டாவின் விளிம்பை நசுக்கித் தீப்பிடிக்க வைக்க வேண்டும்; அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்காக ஸ்லைடோ போல்ட்டோ பின்னால் வரும்போது எதிர்த்து நின்று வேகத்தையும் தணிக்க வேண்டும். அதனால்தான் விதிகளும் அதற்கு இரட்டிப்பு எடை கேட்கின்றன என்று சிலர் சொல்வதுண்டு. காரணம் எதுவானாலும், ஏர் பிஸ்டலில் சாதாரணமாகச் செய்யும் ஒரு மாற்றம் .22-இல் ஆபத்தாகலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அளக்காமல் தொடாதீர்கள்

விதிப்படி அளப்பது இப்படி: பேரல் செங்குத்தாக மேல்நோக்கி இருக்க வேண்டும். எடைக்கட்டி ஒரு கிடைத்தளத்தில் இருக்கும். அதன் கத்திமுனை போன்ற விளிம்பை டிரிக்கரின் நடுப்பகுதியில் மாட்டி, டிரிக்கர் விடுபடாமல் தளத்திலிருந்து முழுவதுமாகத் தூக்க வேண்டும். ஸ்பிரிங் தராசுக்கோ உருளை வைத்த கொக்கிக்கோ அங்கே இடமில்லை, நிலையான எடைதான். ஏர் பிஸ்டலாக இருந்தால் காற்று வெளியேறும் நிலையில் வைத்துத்தான் சோதிப்பார்கள். காற்று வெளியேறாமல் டிரிக்கர் மட்டும் இயங்கும் பயிற்சி நிலையில் அல்ல. அதிகபட்சம் மூன்று முறை முயலலாம். போட்டி முடிந்ததும் எதிர்பாராமல் எடுத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. அங்கே எடை தூக்காவிட்டால் அன்றைய புள்ளி அத்தனையும் போய், தகுதி நீக்கம்தான்.

எடையை டிரிக்கரின் எந்த இடத்தில் மாட்டுகிறோம் என்பது முழுக் கதையையே மாற்றும். டிரிக்கர் ஓர் அச்சில் சுழலும் நெம்புகோல். அச்சிலிருந்து 24 மி.மீ. கீழே, நடுப்பகுதியில் 500 கிராம் தேவைப்படுகிறது என்றால் திருப்புவிசை 12,000 கிராம்-மில்லிமீட்டர். விரல் அதைவிட மேலே, அச்சிலிருந்து 20 மி.மீ. தூரத்தில் பட்டால் அதே டிரிக்கருக்கு 600 கிராம் கொடுக்க வேண்டும். "சோதனையில் 500, கையில் மட்டும் கனமாக இருக்கிறது" என்பவர்கள் பலருக்கும் இதுதான் பதில். ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதே இல்லை. பிடியை உளி வைத்தோ புட்டி வைத்தோ சரிசெய்து விரலை நான்கு மில்லிமீட்டர் கீழே இறக்கினால் நூறு கிராம் குறைந்துவிடும்.

சரியாக 500-இல் நிறுத்துவது தவறு. எண்ணெய் படிந்தால், குளிர் மாறினால், திருகு இம்மி நகர்ந்தால் ஐந்து கிராம் போய்விடும். 510-இலிருந்து 520-க்குள் வைப்பது நல்லது. 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1020 முதல் 1040 வரை. இந்த இருபது கிராமால் எந்த விரலும் தோற்றதில்லை.

திருகுகளின் வரிசை

ஸ்டெயர் எல்.பி.10, ஃபைன்வெர்க்பாவ், வால்டர், பார்டினி, மொரினி போன்ற போட்டிப் பிஸ்டல்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஆறு சரிசெய்தல்கள் இருக்கும்: டிரிக்கர் பிளேடின் இடமும் கோணமும், முதல் கட்ட எடை, முதல் கட்ட நீளம், இரண்டாம் கட்ட எடை, சியர் பிடிப்பு, பின்பக்க நிறுத்தம். எந்தத் திருகு எங்கே என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டின் படத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் ஆலன் கீயை எடுக்க வேண்டும். சியர் பிடிப்புத் திருகை எடைத் திருகு என்று நினைத்துத் திருப்புவதுதான் நடக்கக்கூடியதிலேயே மோசமான தவறு.

தொடங்கும் முன் மேகசினை எடுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஏர் பிஸ்டலானால் பெல்லட் இல்லை என்று உறுதிசெய்து பயிற்சி நிலைக்கு மாற்றுங்கள். உள்ளே கை வைக்கும் வேலை என்றால் காற்றுச் சிலிண்டரையும் கழற்றிவிடுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு திருகையும் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் திரும்ப வெளியே எடுத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குழம்பிப்போனால் திரும்பி வர அந்தத் தாள் ஒன்றே வழி. ஒரு நேரத்தில் ஒரே திருகு, கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் பிறகு எடை போட்டுப் பாருங்கள்.

முதலில் பிளேடு. விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவிலுள்ள தசை பிளேடின் மேல் உட்கார வேண்டும். இழுக்கும் திசை பேரலுக்கு இணையாக நேர் பின்னோக்கி இருக்க வேண்டும். விரலின் மீதிப் பகுதி பிடியைத் தொடக்கூடாது. இதைச் சரிசெய்யாமல் மற்றவற்றைச் செய்தால் பிறகு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும், ஏனென்றால் பிளேடு நகர்ந்தால் நெம்புகோலின் நீளமும் மாறும்.

அடுத்து நிறுத்தத் திருகை இரண்டு சுற்று தளர்த்தி வழியை விட்டு விலக்குங்கள். அது குறுக்கே இருந்தால் மற்ற எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

இப்போது சியர் பிடிப்பு. நாண் ஏற்றி (ஹாமர் சியரில் மாட்டி நிற்கும்படி செய்து), மெதுவாகச் சுவர்வரை இழுத்து, அங்கிருந்து விடுபடும்வரை விரல் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நகர்வு தெரிந்தால் பிடிப்பைக் கால் சுற்று குறையுங்கள். குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுவரே மறைந்து, முதல் கட்டத்தின் முடிவிலேயே சுட்டுவிடும். அல்லது நாணே நிற்காது. அந்தப் புள்ளியிலிருந்து குறைந்தது அரைச் சுற்று திரும்பி வாருங்கள். அந்த அரைச் சுற்றைக் கஞ்சத்தனமாகக் கால் சுற்றாக்குவதில் எந்த லாபமும் இல்லை. விளிம்பில் நிற்கும் சியர் தேய்மானத்தில் முதலில் விழும்.

எடைகளுக்கு வருவோம். ஏர் பிஸ்டலில் முதல் கட்டம் 350–400 கிராம், இரண்டாம் கட்டம் 100–150 என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் தொடக்கம். 25 மீட்டரில் 700–800-உம் 200–300-உம். முதலில் இரண்டாம் கட்டத்தைப் பூட்டிவிட்டு, மீதியை முதல் கட்ட ஸ்பிரிங்கால் நிரப்புவதே எளிது. இரண்டாம் கட்டம் 50 கிராமுக்குக் கீழே போனால் சுவர் எங்கே என்பதை விரல் உணராது. குளிரில் விரைத்த விரல் சுவரைத் தாண்டிவிடும், குண்டு தானாகப் போனதாகத் தோன்றும். மறுபக்கம், இரண்டாம் கட்டம் மொத்தத்தில் பாதியானால் வேறு நோய் வரும்: சுவரில் போய் நின்றுவிட்டு, கை ஆடத் தொடங்கும்வரை விரல் நகர மறுக்கும், கடைசியில் வெடுக்கென்று பிடுங்கும். பிடுங்குபவரிடம் "மெதுவாக இழு" என்று பயிற்சியாளர் நூறு முறை சொல்வதைவிட, ஐம்பது கிராமை இரண்டாம் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கு மாற்றிக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

ரேப்பிட் ஃபயர் சுடுபவர்களில் சிலர் சுவரே வேண்டாம் என்பார்கள். எட்டு, ஆறு, நான்கு விநாடிகளில் ஐந்து இலக்குகளைத் தொடவேண்டிய இடத்தில் சுவரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அவர்கள் வழுக்கிக்கொண்டே போய் விடுபடும் உருளும் டிரிக்கரை விரும்புவார்கள். அதற்குச் சியர் பிடிப்பைக் கூட்டி, பரப்பை வழவழப்பாக வைத்து, இரண்டாம் கட்ட எடையைக் குறைக்க வேண்டும். ஒரே பிஸ்டலில் இரண்டு விதமாகவும் மாற்றி மாற்றிச் சுடுவது விரலைக் குழப்பும்.

கடைசியாக நிறுத்தத் திருகு. நாண் ஏற்றி, திருகை உள்ளே செலுத்தி, டிரிக்கர் விடுபடவே முடியாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். விடுபடத் தொடங்கிய பிறகும் இன்னும் கால் முதல் அரைச் சுற்று விடுங்கள். இறுக்கமாக வைத்தால் விரலுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் முன்னோக்கி ஓடும் ஹாமர் சியரின் விளிம்பை உரசிக்கொண்டு போகும். சில நூறு குண்டுகளில் அந்த விளிம்பு மழுங்கி, அதுவரை செய்த எல்லா வேலையும் வீணாகும். வெளி ஹாமர் உள்ள பிஸ்டலில் இதைச் சோதிக்க ஒரு வழி: டிரிக்கரைப் பின்னால் பிடித்தபடியே ஹாமரைக் கட்டைவிரலால் மெதுவாக இறக்குங்கள். வழியில் எங்காவது லேசாகச் சுரண்டினால் திருகை இன்னும் தளர்த்த வேண்டும்.

அழுக்கு, எண்ணெய், உராய்வு

புதிதாக மணல்போல் உணரத் தொடங்கிய டிரிக்கரில் பாதிக்கு மேல் தேவைப்படுவது சுத்தம்தான். .22 தோட்டாவின் மெழுகும் எரிந்த பொடியும் சேர்ந்து சியரின் குழியில் ஒரு கரும்பசையாக உட்காரும். அதன் மேல் மேலும் எண்ணெய் விடுவது அந்தப் பசையைக் குழைக்க மட்டுமே உதவும். டிரிக்கர் தொகுதியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, கரைப்பான் வைத்து மெல்லிய பிரஷால் கழுவி, உலர விட்டு, பிறகு அச்சுகளில் ஊசிமுனை அளவு எண்ணெய், சியரும் கொக்கியும் சேரும் கோட்டில் மிக மெல்லிய மாலிப்டினம் கிரீஸ். அவ்வளவு போதும். ஏர் பிஸ்டலில் இன்னும் கவனம் தேவை: 200 பார் அழுத்தக் காற்று போகும் பாதையில் பெட்ரோலிய எண்ணெய் படக்கூடாது, உயர் அழுத்தக் காற்றில் அது பற்றிக்கொள்ளக்கூடும். ஓ-ரிங்குகளுக்கு சிலிகான் கிரீஸ்.

சுத்தம் செய்தும் தடுக்கல் போகவில்லை என்றால் எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். சியரின் முகத்திலும் கொக்கியிலும் கறுப்பு மார்க்கரால் மெல்லியதாகப் பூசுங்கள். உலர்ந்ததும் பூட்டி, இருபது முறை வெற்றாக நாண் ஏற்றி விடுங்கள். கழற்றிப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பாருங்கள். முழு அகலத்துக்கும் சீரான பளபளப்புக் கோடு தெரிந்தால் பரப்பு நன்றாகவே இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் மை போயிருந்தால் சியர் சாய்ந்து பிடிக்கிறது; மொத்தச் சுமையும் அந்த மூலையில் ஏறுவதால்தான் தடுக்குகிறது. மைக்கு நடுவே குறுக்காகக் கீறல்கள் தெரிந்தால் இயந்திரம் வெட்டிய தடம் இன்னும் தேயவில்லை.

இந்த இடத்தில் கை துறுதுறுக்கும்: கொஞ்சம் கல்லில் தேய்த்தால் என்ன? பக்கவாட்டுப் பரப்புகளைத் தேய்க்கலாம். ஹாமரின் இரு பக்கங்கள், டிரிக்கர் பார் (டிரிக்கரைச் சியரோடு இணைக்கும் தண்டு) சட்டத்தை உரசும் இடம், ஸ்பிரிங்கின் நுனி, அச்சு ஊசிகள் இவற்றை 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளைக் கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து, எண்ணெய் விட்டு மெருகேற்றுவதில் ஆபத்து இல்லை. லாபமும் எதிர்பார்ப்பதைவிட அதிகம். சுழலும் மின்கருவி வேண்டவே வேண்டாம், அது விளிம்புகளை உருட்டிவிடும். சியர் முகம், கொக்கி இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கள். பல பாகங்களில் கடினத்தன்மை மேல்தோலில் மட்டும்தான் இருக்கும், சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு. அதைத் தேய்த்துத் தாண்டினால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. முதல் வாரம் டிரிக்கர் அற்புதமாக இருக்கும். ஓராயிரம் குண்டில் கொக்கி உருண்டு, எடை தானாகக் குறையத் தொடங்கும். கோணத்தையும் கையால் பிடிக்க முடியாது. அதற்கென்று பிடிமானக் கருவி வேண்டும். 1911 என்ற மாடல் வகைப் பிஸ்டலில் கொக்கியின் உயரமே வழக்கமாக அரை மில்லிமீட்டர்தான் என்றால், கையின் ஒரு சறுக்கல் அதில் எத்தனை பங்கைத் தின்னும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சியரும் ஹாமரும் இணையாக வெட்டிய உதிரிப் பாக ஜோடியை வாங்கி, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பாளரிடம் பொருத்தச் சொல்வதே சரி. பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டும் பழக்கம்

இலகுவாக்க இன்னொரு குறுக்குவழி ஹாமர் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டுவது. சியர் மேல் அழுத்தம் குறையும், எடையும் குறையும், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் அதன் விறைப்பு கூடும். தொடக்க அழுத்தம் குறைந்து, அமுக்க அமுக்க முன்பைவிட வேகமாக ஏறும். ஹாமர் தட்டும் வேகம் குறைவதால் .22 தோட்டாவின் விளிம்பு அரைகுறையாக நசுங்கும். வெடிக்காமல் போவது கண்ணுக்குத் தெரியும் குற்றம். தெரியாத குற்றம், வெடித்தாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகப் பற்றிக்கொள்வது. தாளில் குண்டுகள் மேலும் கீழுமாக நீளும், சுடுபவர் தன் மூச்சையும் கையையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஹாமர் மெதுவாக விழுவதால் விடுபட்ட கணத்துக்கும் வெடிப்புக்கும் இடையிலான நேரமும் நீளும். ஸ்லைடு முன்னைவிட வேகமாகப் பின்னால் பாயும், உதை கூடும்.

டிரிக்கர் திரும்பும் ஸ்பிரிங்கை மெலிதாக்குவதும் இதே ரகம். மெதுவாகச் சுடும் பிரிவில் தெரியாது. 25 மீட்டரின் விரைவுப் பகுதியில், விரல் அவசரமாகத் திரும்பும்போது, டிரிக்கர் பார் சியரை மீண்டும் பிடிக்காமல் போகும். அடுத்த இழுப்புக்கு எதுவுமே நடக்காது. தயாரிப்பாளர் விற்கும் மென்மையான ஸ்பிரிங் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் இருப்பதை அப்படியே விடுங்கள்.

மின்னணு டிரிக்கர்களில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. மொரினி சி.எம். 162 இ.ஐ. போன்றவற்றில் விரல் ஒரு சிறு ஸ்விட்சை மூடுகிறது, ஹாமரை மின்காந்தம் விடுவிக்கிறது. சியர் மேல் சுமையே விரலுக்கு வராததால் விடுபடல் வருடக்கணக்கில் மாறாது. எடையும் சுவரும் அங்கும் ஸ்பிரிங்கால்தான் சரிசெய்யப்படுகின்றன. மேலே சொன்ன பங்கீடு அப்படியே பொருந்தும். கவனிக்க வேண்டியது பேட்டரியும் தொடர்புமுனைகளும்.

நம்பலாமா என்று பார்க்கும் சோதனைகள்

சரிசெய்து முடித்த டிரிக்கரை உடனே தோட்டாவோடு சோதிக்கக் கூடாது. காலிப் பிஸ்டலில் நாண் ஏற்றி, ரப்பர் சுத்தியலால் சட்டத்தின் பக்கங்களிலும் பிடியின் அடியிலும் பல முறை தட்டுங்கள். ஒரு முறை விழுந்தாலும் சியர் பிடிப்பு போதாது. வெளி ஹாமர் இருந்தால் அதைக் கட்டைவிரலால் முன்னோக்கி நன்றாகத் தள்ளுங்கள், விழக் கூடாது.

பிறகு சியர் திரும்புகிறதா என்று பாருங்கள். சுவரைத் தாண்டிப் பாதி க்ரீப் வரை இழுத்து, விடுபடும் முன் விரலை முழுவதும் எடுங்கள். மறுபடி இழுங்கள். சுவரும் க்ரீப்பும் முதல் தடவை இருந்த அதே அளவில் இருக்க வேண்டும். இரண்டாவது தடவை குறுகியிருந்தால் சியர் பாதிவழியிலேயே நின்றுவிட்டது என்று பொருள். போட்டியில் ஒருவர் இழுத்து, மனம் மாறி, கையைக் கீழே இறக்கும் தருணத்தில் அந்தப் பிஸ்டல் சுடும்.

தானியங்கிப் பிஸ்டலில் இன்னொன்று: காலி மேகசினால் திறந்து நிற்கும் ஸ்லைடை, டிரிக்கரைப் பின்னால் பிடித்தபடி மூட விடுங்கள், ஹாமர் நாணில் நிற்க வேண்டும். கூடவே விழுந்தால், ஒரு இழுப்புக்கு ஒரே குண்டு என்று டிரிக்கரைத் துண்டிக்கும் தொடர்பறுப்பி சரியாக வேலை செய்யவில்லை. இவை எல்லாம் தேறிய பிறகு, சுடும் தளத்தில் முதலில் ஒரே தோட்டா, பிறகு மேகசினில் இரண்டு மட்டும். ஒரே இழுப்பில் இரண்டும் போனால் உடனே இறக்கிவைத்துவிட்டுப் பழுதுபார்ப்பாளரிடம் கொடுக்க வேண்டும். ஐந்தை நிரப்பிக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பது உயிரோடு விளையாடுவது.

வெற்றுச் சுடுதல் விரலின் வேலையைக் காட்டும். வெள்ளைச் சுவரை நோக்கி, இலக்கு எதுவும் இல்லாமல், விடுபடும் கணத்தில் முன்சைட் பின்சைட்டின் பள்ளத்துக்குள் எங்கே ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் பிளேடின் கோணத்தையும் விரல் படும் இடத்தையும் திருத்த வேண்டும். விடுபட்ட பிறகு துள்ளினால் நிறுத்தத் திருகு அதிகம் தளர்ந்திருக்கிறது. கீழே குத்தினால் திருகில் எதுவும் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. விளிம்புத் தோட்டா (.22) பிஸ்டலை வெற்றாகச் சுடும் முன், ஊசி சேம்பர் விளிம்பில் மோதாமல் இருக்கப் பிளாஸ்டிக் தோட்டாவோ பயிற்சி நிலையோ வேண்டும்.

எல்லாம் திருப்தியாக இருந்தால் திருகுகளில் மென்மையான வகைப் பூட்டுத் திரவத்தை ஊசிமுனையால் ஒரு சொட்டு வையுங்கள். கடினமான வகையை வைத்தால் அடுத்த முறை ஆலன் கீயின் தலைதான் உருளும். திரவம் உலர ஒருநாள் விடுங்கள், அதுவரை எண்ணெய் படக்கூடாது. உலர்ந்த பிறகு மறுபடி எடை போடுங்கள், ஏனென்றால் திரவம் வைக்கும்போதே திருகு நகர்ந்திருக்கலாம். புதிய பிஸ்டலிலும் புதிய பாகம் போட்டதிலும் முதல் சில நூறு குண்டுகளில் பரப்புகள் ஒன்றுக்கொன்று படிந்து எடை சில கிராம் இறங்கும். அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை எடைக்கட்டியை மாட்டிப் பாருங்கள். போட்டிக்குப் போகும்போது சோதனை மேசைக்கு முன்பு, பிஸ்டல் பெட்டியிலிருந்து எடுத்து அந்த அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு, கடைசியாக ஒருமுறை.